அம்புக்குறி போன இடமெல்லாம்

அக்கா வேலை முடிந்து வந்ததும் செய்கிற முதல் காரியம் உட்காருவதுதான். கதவை ஒட்டிக் கிடக்கும் மர முக்காலியில், முழங்கால் இரண்டையும் பிடித்துக்கொண்டு, வண்டியிலிருந்து தள்ளிவிட்ட மூட்டை மாதிரி பொத்தென்று உட்காருவாள். பலகை கிரீச்சிடும். அந்தச் சத்தம் உள்ளறைவரை வரும். அது கேட்டால் இன்னும் சற்று நேரத்தில் டீ வரும் என்று தம்பிக்கு அர்த்தம். அதற்கு வேறு அர்த்தமும் இருக்கக்கூடும் என்று அவன் ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று சாயங்காலம் அந்தச் சத்தம் வரவில்லை.

செருப்பு கழன்றது. ப்ளீச்சிங் பவுடரும் ஈர நூலும் கலந்த அவளுடைய வாடை அவளுக்கு முந்தி உள்ளறைக்குள் வந்தது. பிறகு காலடிகள் சமையலறைக்குப் போயின. அலமாரிக் கதவு திறந்தது, மூடியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி திறந்தது, மூடியது. காலடிகள் ஜன்னலுக்குப் போக, கொண்டி தூக்கப்பட்டு விழுந்தது. ஜன்னலிலிருந்து குழாய்க்கு, குழாயிலிருந்து திரும்பவும் அலமாரிக்கு. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரே அளவு அமைதி. அடுத்து எதைத் தொடலாம் என்று யாரோ நின்று யோசிக்கிற அமைதி.

அவன் எழுந்து போய்ப் பார்த்தான். கவலைப்பட்டு அல்ல. டீ வரவில்லை, அதனால்.

அக்கா சமையலறை நடுவில் சுவரைப் பார்த்து நின்றிருந்தாள். கைகள் உடம்பை ஒட்டாமல் சற்று விலகித் தொங்கின. தோளில் மாட்டிய பையைக்கூட இறக்கவில்லை.

"டீ போடலையா?" என்றான்.

அவள் குழாயைத் தொட்டாள். "அது சரிப்படாது," என்றாள்.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அது அவன் எழுதிக் கொடுத்த வசனம். அவன் செய்த விளையாட்டுக்காக, ஒரு விடுமுறை மதியம் முழுக்க அவளைப் போர்வைக்குள் உட்காரவைத்து, சத்தம் எதிரொலிக்காமல் பதிவு செய்தது. அதைச் சொல்லிக் கேலி செய்கிறாள் என்று நினைத்தான். அக்காவுக்குக் கேலி செய்யத் தெரியாது என்பது நினைவுக்கு வர, அவள் திரும்பவேண்டியிருந்தது.

திரும்பியது சரியில்லை. மனுசர் திரும்பும்போது முதலில் கண் போகும், அப்புறம் கழுத்து, அதற்கப்புறம்தான் கால். இவள் மொத்தமாகத் திரும்பினாள். சுவரைப் பார்த்து நின்றவள் அடுத்த நொடி அவனைப் பார்த்து நின்றாள். நடுவில் திரும்புதல் என்று ஒன்று நடக்கவே இல்லை.

சலவைக்கூடத்துப் பெண்கள் அவனுக்கு வைத்திருந்த பெயர் துரை. அக்கா வேலை பார்ப்பது ஆஸ்பத்திரித் துணி வெளுக்கிற கூடத்தில். ரத்தமும் சீழும் பேதியும் பட்ட விரிப்புகள் தள்ளுவண்டிகளில் வந்து குவியும். பிரித்து, அலசி, ஆள் உயரச் சலவை இயந்திரங்களின் உருளைகளில் போட்டு, இயந்திரம் விட்ட மிச்ச ஈரத்தைக் கையால் முறுக்கிப் பிழிந்து, நீராவிக்குள் நின்று காயவைத்து மடிக்க வேண்டும். காலையில் நிற்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை நின்றபடிதான். அந்தக் கையில்தான் இவன் சாப்பிட்டு வளர்ந்தான். படித்த படிப்பைப் பாதியில் விட்டான். போன வேலைகளில் எதிலும் நாற்காலி சூடாகிற அளவுக்கு உட்காரவில்லை. சட்டையைத் துவைத்துக்கொள்ளத் தெரியாது. ஆனால் பயம் என்றால் என்ன என்று உலகத்துக்குக் காட்டப்போவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டவன், ஒருவழியாக ஒரு விளையாட்டைச் செய்து முடித்திருந்தான்.

பழைய காலத்துக் கம்ப்யூட்டர் விளையாட்டு மாதிரியான ஒன்று. படமெல்லாம் கட்டம் கட்டமாக, நாலைந்து வண்ணத்தில், அழுக்குத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல இருக்கும். திரையின் அடியில் சில சொற்கள்: பார், எடு, தொடு, திற, தள்ளு, இதோடு சேர். ஒரு சொல்லை அமுக்கி, அம்புக்குறியை ஒரு பொருளின்மேல் வைத்து அமுக்கினால், உள்ளே இருக்கிற பொம்மைப் பெண் நடந்துபோய் அதைச் செய்வாள்; எடுத்தது அவள் பைக்குள் சேரும். ஒரு சலவைக்காரி, அவளுடைய வீடு, அவள் வேலை செய்யும் கூடம், அழுக்குத் துணிக்குள் ஒளிந்திருக்கும் ஏதோ ஒன்று. அவ்வளவுதான் கதை. கொஞ்ச நேரத்தில் ஆடி முடித்துவிடலாம், வழி தெரிந்தால். வழி தெரியாதவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் கண்ணில் பட்டதோடெல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள்; சேராவிட்டால் பொம்மை, அது சரிப்படாது என்று சொல்லும். அதுதான் இந்த வகை விளையாட்டின் ருசி என்பார்கள் தெரிந்தவர்கள்.

வரைய உடம்பு வணங்கவில்லை அவனுக்கு. வீட்டையும் கூடத்தையும் அப்படியே போனில் படம் எடுத்து, கட்டம் கட்டமாகச் சிதைத்து உள்ளே போட்டான். பொம்மைக்கு அக்காவையே பிடித்தான். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தவளை, சுவரில் வெள்ளை விரிப்பு ஒன்றைக் கட்டி அதன் முன்னால் நடக்கச் சொன்னான். நட. திரும்பு. இல்லை, மறுபடி நட. கையை நீட்டு, எதையோ எடுக்கிற மாதிரி. அவள் சிரித்துக்கொண்டே எல்லாம் செய்தாள். தம்பி ஏதோ பெரிதாகச் செய்கிறான் என்று அவளுக்குப் பெருமை. கடைசியில் முழங்காலைத் தடவிக்கொண்டு, உட்காருகிற மாதிரி ஒன்றும் எடுக்கவில்லையா என்று கேட்டாள். விளையாட்டில் அதற்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டான். எடுத்திருந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டி ஒட்டுகிற வேலை. அதனால் அந்தப் பொம்மை நடக்கும், நிற்கும், தொடும். உட்காராது.

விளையாட்டை இணையத்தில் விட்டு இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை. எங்கெங்கோ இருந்தவர்கள் இறக்கி ஆடினார்கள். அந்தப் பெண் நடக்கிற நடையிலேயே ஓர் அமானுஷ்யம் இருக்கிறது என்று எழுதினார்கள். முட்டி தேய்ந்த நடைக்கு அமானுஷ்யம் என்று பேர் வைக்க, நாற்காலியை விட்டு எழாதவர்களால்தான் முடியும். அவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தான்.

அன்று இரவு அக்கா படுக்கவில்லை. விடிந்து அவன் உள்ளறையை விட்டு வந்தபோதும் அவள் நின்றிருந்தாள், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில். கணுக்கால் பானை மாதிரி வீங்கியிருந்தது. வேலைக்கு நேரமானதும் போனாள். அவன் கேட்கவில்லை. அவன் இரவெல்லாம் விழித்து, ஆடுகிறவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்தவன். களைப்பாக இருந்தது அவனுக்கு.

மதியத்துக்கு முன்பே அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தாள் இஸ்திரிக்காரம்மா. கூடத்தில் அக்காவுக்குப் பக்கத்து மேசை, வாயும் கையும் ஒரே வேகம். அக்காவைச் சமையலறையில் விட்டுவிட்டு நேராக உள்ளறை வாசலுக்கு வந்து நின்றாள்.

"துரை எழுந்தாச்சா?"

அவன் காதிலிருந்து ஒரு பக்க இயர்போனை மட்டும் கழற்றினான்.

ஓடுகிற உருளையின் கதவைத் திறக்கப் போனாளாம் அக்கா. பிடித்து இழுத்தார்களாம். இழுத்துக் கொண்டுவந்து நிறுத்தினால், போய்ச் சூடான இஸ்திரித் தகட்டில் உள்ளங்கையை வைத்தாளாம், கதவில் கை வைக்கிற மாதிரி நிதானமாக. கத்தவில்லையாம். அது சரிப்படாது என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனாளாம். கண்காணிப்பாளர் வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார். இதையெல்லாம் சொல்லிவிட்டு அந்தம்மா அவனையும் மேசையையும் மேசைமேல் காய்ந்த தட்டுகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. தூக்கிட்டு வர்றதுன்னா சொல்லு, நானே தூக்குறேன். உனக்கு இடுப்பு பிடிச்சுக்கும்."

போகிறேன் என்றான். அவள் போனதும் இயர்போனை மாட்டிக்கொண்டான்.

ஆனால் உள்ளங்கை என்ற சொல் அவன் காதைவிட்டுப் போகவில்லை. விளையாட்டில் அந்தத் தகடு இருக்கிறது. அதைத் தொட்டால் அவள் சொல்ல எழுதிய வசனம்கூட இருக்கிறது. வெறும் தற்செயல்தான் என்று சொல்லிக்கொண்டு, விளையாட்டைத் திறந்தான். கட்டம் கட்டமான சமையலறை. நடுவில் கட்டம் கட்டமான பெண். அம்புக்குறியை ஜன்னலுக்கு நகர்த்தினான். அமுக்கினான்.

சமையலறையில் காலடிகள் ஜன்னலுக்குப் போயின.

குழாய். காலடிகள் குழாய்க்குப் போயின. அலமாரி. அலமாரி திறந்தது. எழுந்து வாசல்வரை போய்க் கண்ணால் பார்த்தான், ஓடிவந்து அமுக்கினான், மறுபடி போய்ப் பார்த்தான். அக்காவின் வெந்த கை அலமாரிக் கதவில் ஈரமாக ஒட்டி, பிரிந்து வந்தது. அவள் முகத்தில் ஒன்றுமில்லை. சன்னமாகத் தோல் கருகிய வாடை, ப்ளீச்சிங் வாடைக்கு அடியில்.

இந்த இடத்தில் ஒரு மனுசன் என்ன செய்வான் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்லலாம். அவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வியர்த்ததைத் துடைத்தான். பிறகு உட்கார்ந்து, அம்புக்குறியை அடுப்புக்கும், கெட்டிலுக்கும், டம்ளருக்கும் நகர்த்தி, தனக்கு ஒரு டீ போட்டுக்கொண்டான். அதாவது, போடவைத்தான். கேட்கிற சிரமம்கூட இல்லை. டம்ளரோடு வந்தவள் உள்ளறை வாசலுக்கு வெளியே நின்றுவிட்டாள். கதவு திறந்துதான் இருந்தது, ஆனாலும் அதற்குமேல் வரவில்லை. விளையாட்டில் அந்த அறை பூட்டிய அறை. எழுந்துபோய் டம்ளரை வாங்கவேண்டியிருந்தது அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

வாங்கும்போது அவள் விரல் அவன் விரல்மேல் பட்டது. அந்த நேரம் உலகத்தில் யாரும் ஆடவில்லை போலிருக்கிறது. அவள் கண்ணுக்குள் ஏதோ மேலே வந்தது, கிணற்றுக்குள் விழுந்தவர் வாளியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற மாதிரி. உதடு அசைந்தது. குரல் அவளுடையது.

"தம்பி. ஒரு நிமிஷம் உக்கார வைடா."

அவனுக்கு அதற்கு வழி தெரியும். விளையாட்டை இணையத்திலிருந்து கழற்றிவிடலாம், ஒரு பொத்தான். இறக்கி வைத்திருக்கிறவர்களிடமும் ஆடாதீர்கள் என்று கெஞ்சலாம். ஆனால் அன்று சாயங்காலம்தான் கொட்டாவி ஆடுவதாகச் சொல்லியிருந்தான்.

கொட்டாவி என்பது ஒருவனுடைய பட்டப்பெயர். திகில் விளையாட்டுகளை ஆயிரக்கணக்கானவர்கள் பார்க்க நேரலையில் ஆடுவான்; எதற்கும் பயப்படாமல் வாயைப் பிளந்து கொட்டாவி விடுவான்; அவன் கொட்டாவி விட்ட விளையாட்டு செத்தது. அவனைக் கொட்டாவி விடாமல் இருக்கவைக்க வேண்டும் என்பதுதான் தம்பியின் வாழ்க்கை லட்சியம். வேறு லட்சியம் இருந்ததாகத் தெரியவில்லை.

"இன்னைக்கு சாயங்காலம் மட்டும் பொறுத்துக்கக்கா," என்றான். "அப்புறம் எடுத்துடறேன்."

அவள் கண்ணில் இருந்தது கீழே இறங்கிப் போனது. எங்கோ யாரோ ஆட உட்கார்ந்துவிட்டார்கள். மொத்தமாகத் திரும்பி, நடந்தாள்.

டீ நன்றாகத்தான் இருந்தது. குடித்தான்.

வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து, சமையலறைத் தரையில் கம்பி நிழல்களை நீட்டியிருந்த நேரத்தில் நேரலை தொடங்கியது. தம்பி உள்ளறைக் கதவைச் சாத்திக் கொக்கியை மாட்டியிருந்தான்; பயத்தால் அல்ல, சத்தம் தொந்தரவு என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். போனில் கொட்டாவியின் முகம். ஒரு காதில் அவன் குரல். இன்னொரு காதில் வீடு.

"வாங்க வாங்க. இன்னைக்கு ஒரு சலவைக்காரி அக்கா நம்மகிட்ட மாட்டியிருக்காங்க," என்றான் கொட்டாவி, கொட்டாவி விட்டுக்கொண்டே.

சமையலறையில் காலடிகள் எழும்பின. இதுவரை கேட்ட மாதிரி இல்லை. வேகம். அவன் ஆடத் தெரிந்தவன், கை ஓயாது. அலமாரி, ஜன்னல், குழாய், அடுப்பு, அலமாரி. பாத்திரங்கள் தரையில் வரிசையாக வைக்கப்படுகிற சத்தம். ஒன்றோடு ஒன்று உரசுகிற சத்தம். கரண்டியைக் குழாயோடு, கத்தரிக்கோலைத் திரைச்சீலையோடு, சீப்பை அடுப்போடு. பிளாஸ்டிக் உருகுகிற வாடை கதவிடுக்கு வழியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே குரல், அதே ஏற்ற இறக்கம். அது சரிப்படாது. அது சரிப்படாது. தம்பி போனின் ஒலியைக் கூட்டி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இந்தப் பூட்டின ரூம்ல என்னமோ இருக்குப்பா," என்றது குரல்.

இதுவரை அந்தக் கதவை யாரும் திறக்கவில்லை. திறக்க முடியாத அளவுக்கு முட்டாள்தனமாகத்தான் அவன் அதை அமைத்திருந்தான். ஆனால் அங்கே ஆடுவது ஒருத்தன் இல்லை. பார்க்கிற கூட்டமே ஆளுக்கொரு யோசனை எழுதுகிறது, அவன் ஒவ்வொன்றாகப் படித்துச் செய்துபார்க்கிறான்.

"கொண்டை ஊசியா? எங்க இருக்கு? அட, தலையிலேயே இருக்கு."

கதவுக்கு வெளியே காலடிகள் வந்து நின்றன.

மூச்சு கேட்டது. கனமான, ஒழுங்கான மூச்சு. கதவிடுக்கில் மெல்லிய கம்பி ஒன்று நுழைந்து, மேலே ஊர்ந்து, கொக்கியின் அடியைத் தேடியது. பிறகு கொக்கி எழுந்தது. நிதானமாக. விழுந்தது.

அக்கா நின்றிருந்தாள். முடி அவிழ்ந்து தோளில் விழுந்து கிடந்தது. கையிலிருந்த ஊசி தரையில் உதிர்ந்தது. அறைக்குள் காலை வைத்தாள்.

"அப்படிப் போடு," என்றான் கொட்டாவி. "என்ன இருக்கு இங்க? மேசை. டார்ச் ஒண்ணு. டார்ச்சை எடுப்போம்."

தம்பிக்கு விஷயம் புரிந்தது அந்த நொடியில்தான். இந்த மாதிரி விளையாட்டில் எதை எடுக்கலாம் என்பதை, படத்தில் அந்தப் பொருளைச் சுற்றிக் கோடு இழுத்துக் குறிக்க வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது பொருள். வெளியே இருப்பது வெறும் படம். இந்த அறையை மட்டும் அக்காதான் போனில் எடுத்தாள். அவன் எழுந்து ஒதுங்கச் சோம்பல்பட்டு நாற்காலியிலேயே இருந்துவிட்டான். கட்டம் கட்டமாகச் சிதைத்தபோது டார்ச்சுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு திட்டாக விழுந்திருந்தான். டார்ச்சை மட்டும் சுற்றிக் கோடு இழுப்பது நுணுக்கமான வேலை; வளைந்து வளைந்து போகவேண்டும். அவனுக்கு உடம்பு வணங்கவில்லை. இரண்டையும் சேர்த்து ஒரே சுற்றாகச் சுற்றி, எடுக்கலாம் என்று குறித்துவிட்டான்.

அவன் கை மவுஸை நோக்கிப் பாய்ந்தது. கழற்றிவிடுகிற அந்தப் பொத்தான். ஒரு அமுக்கு.

அக்கா அவன் மணிக்கட்டை எடுத்தாள்.

பிடித்தாள் என்று சொல்ல முடியாது. எடுத்தாள். மேசைமேலிருந்து ஒரு பொருளை எடுக்கிற மாதிரி. வருசக்கணக்கில் நனைந்த போர்வையை முறுக்கிப் பிழிந்த கை. அதன் வெந்த தோல் அவன் தோலில் வழுக்கவில்லை, ஒட்டியது. அவன் உதறினான். உதறியது அவன் தோள்தான், அவள் கை இல்லை. வாழ்க்கையில் அதுவரை மவுஸைவிடக் கனமான எதையும் தினசரி தூக்கிப் பழகாத கை அவனுடையது.

"இதென்னய்யா டார்ச்சோட ஒரு ஆளும் வர்றான்?" கொட்டாவி சிரித்தான். "பைக்குள்ள ஆள். எதோட சேர்க்கலாம்? எழுதுங்க, எழுதுங்க."

நாற்காலி சாய்ந்தது. டார்ச்சை அவள் இன்னொரு கையில் எடுத்துக்கொண்டாள். இழுத்துக்கொண்டு நடந்தாள். போன் அவன் சட்டைப் பையிலேயே இருந்தது. இயர்போன் காதிலேயே இருந்தது.

அலமாரி. அவன் நெற்றியை அலமாரிக் கதவில் வைத்து அழுத்தினாள். பொறுத்தாள். "அது சரிப்படாது."

குழாய். அவன் முகத்தைக் குழாயடியில். தண்ணீர் மூக்கில். "அது சரிப்படாது."

"அக்கா. அக்கா, நான்தான். பாரு என்னை."

பார்த்தாள். எதற்குப் பயன்படும் என்று பார்த்தாள்.

"வீட்டுல ஒண்ணும் வேலைக்காகலை," என்றது காதில். "வெளிய போவோம்."

வாசல் கதவு திறந்தது. வெளியே வெளிச்சம் இன்னும் இருந்தது. தெருவில் ஆட்கள் இருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவனுக்கு உயிர் வந்தது. கத்தினான். ஒரு சைக்கிள் நின்றது. இரண்டு வீட்டுக் கதவில் தலைகள் எட்டிப் பார்த்தன. அக்கா அதே முட்டிவலி நடையில், நேராக, மூலையில் சட்டென்று ஒரே மடிப்பாகத் திரும்பி, மறுபடி நேராக நடந்தாள். அவன் கால் பாதி தரையில், பாதி இழுபட்டு.

எதிரே இஸ்திரிக்காரம்மாவும் இன்னும் சில பெண்களும், வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஈர முந்தானை, சிவந்த கண்.

"புடிங்கம்மா இவளை," என்று அலறினான். "என்னைக் கொல்லப்போறா. விடச் சொல்லுங்க."

பெண்கள் நின்று பார்த்தார்கள். அக்காவின் கையில் இழுபடும் தம்பியைப் பார்த்தார்கள். அவர்கள் பல வருசமாகப் பார்க்க ஆசைப்பட்ட காட்சி அது. முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லாரும்.

"தேறிட்டியாடி?" என்றாள் இஸ்திரிக்காரம்மா, அக்காவிடம். முகமெல்லாம் நிம்மதி. "கூடத்துக்குத்தானே இழுத்துட்டுப் போறே? போ, போ. விட்டுடாதே. நல்லா ஊறவச்சு அடி, அப்பதான் அழுக்குப் போகும்."

"அம்மா, சத்தியமா."

"கத்தட்டும்டி. வேலைன்னா எல்லாரும் முதல்ல இப்படித்தான் கத்துவாங்க."

சிரிப்பு அவனுக்குப் பின்னால் தேய்ந்து போனது. தெரு தேய்ந்து போனது. காதில் பேசுகிறவன் கொட்டாவி விடவில்லை இப்போது. குரல் தணிந்திருந்தது. "யோவ், இது நல்லாயிருக்குப்பா. எனக்கே கொஞ்சம் ஒரு மாதிரி இருக்கு." தம்பி வாழ்க்கை முழுக்கக் கேட்க ஆசைப்பட்டது. கேட்டான்.

சலவைக்கூடம். பகல் ஆட்கள் போயாகிவிட்டது. ராத்திரி வேலை ஆட்கள் இன்னும் வரவில்லை. இயந்திரங்கள் மட்டும் தம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன. நீராவி இடுப்புவரை நின்றது. தரையெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர். அழுக்கு விரிப்புகளின் புளித்த வாடை, அதன்மேல் ப்ளீச்சிங்கின் காரம், கண்ணைக் கரிக்கிற காரம். வருசக்கணக்கில் அக்கா வந்து நின்ற இடத்துக்குள் அவன் ஒரே ஒருமுறைதான் வந்திருக்கிறான். படம் எடுக்க. மூக்கைப் பொத்திக்கொண்டு.

தள்ளுவண்டி. "அது சரிப்படாது."

இஸ்திரித் தகடு. அணைந்திருந்தது. முழுக்க ஆறியிருக்கவில்லை. கன்னம். பொறுத்தாள். அவன் போட்ட கூச்சல் நீராவிக்குள் போய் நனைந்து விழுந்தது. "அது சரிப்படாது."

உருளை.

ஒன்று நின்றிருந்தது. காலியாக. வட்டக் கதவு. அக்கா டார்ச்சைத் தரையில் வைத்தாள். கதவைத் திறந்தாள். உள்ளே துளை துளையாக எஃகு, ஈரம் மின்னியது. அவனை அதன் வாயில் வைத்தாள். தோள் இடித்தது. திருப்பி வைத்தாள். முழங்கால் இடித்தது.

"கொள்ளமாட்டேங்குதே," என்றான் கொட்டாவி.

கூட்டம் எழுதுவதைப் படிக்கிறான். சிரிப்பில்லை.

"மடிச்சா கொள்ளும்கிறாங்க."

அக்கா அவனைக் கீழே இறக்கினாள். ஈரத் தரையில் நீட்டிக் கிடத்தினாள். குனிந்து, அவன் சட்டையின் சுருக்கத்தை உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிட்டாள். எந்த விரிப்பையும் மடிப்பதற்கு முன்னால் அவள் செய்வதுதான். ஆயிரம் முறை செய்த கை. அவசரமில்லை. ஓரத்தோடு ஓரம் சேர வேண்டும். கோணலாக மடித்தால் உருளைக்குள் முறுக்கிக்கொள்ளும்.

முதலில் வலது கை. எந்தப் பக்கம் மடியுமோ அந்தப் பக்கம் மடித்தாள். தலையைச் சாய்த்து ஓரத்தைப் பார்த்தாள்.

சேரவில்லை.

பிரித்தாள். மறுபக்கமாக மடித்தாள்.